கூண்டு ஏறினால் காய் இறங்க வேண்டும்

சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூரிலும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்ற செய்தி வந்தால், காசிமேட்டில் படகுகளை இழுத்து நெருக்கிக் கட்டத் தொடங்குவார்கள். அதே நாளில் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் மொட்டை மாடிகளிலும் ஒரு வேலை காத்திருக்கிறது. தொட்டியிலும் பையிலும் நிற்கும் தக்காளிச் செடிகளில் முற்றிய காய்களை, பச்சையாக இருந்தாலும் சரி, பறித்து வீட்டுக்குள் சேர்த்துவிட வேண்டும்.

தயங்குகிறவர்கள்தான் அதிகம். இன்னும் நாலு நாள் செடியிலேயே இருந்தால் பழுத்துவிடுமே என்று தோன்றும். அந்த நாலு நாள்தான் காயைக் கெடுக்கிறது. கனமழையில் வேர் ஒரே மூச்சில் நீரை உறிஞ்சி மேலே அனுப்ப, தோல் தாங்காமல் காம்பைச் சுற்றி வெடிக்கிறது. வெடிப்பில் பூஞ்சை ஏறுகிறது. காற்று அடித்தால் கிளை ஒடிந்து, கொத்தோடு காய் தரையில் விழுந்து அடிபடுகிறது. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயலில் காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. பெருமரங்களே வேரோடு சாய்ந்த நாளில், குச்சியில் கட்டிய தக்காளிச் செடி நிற்கும் என்று நம்புவதற்கு இடமில்லை.

வெளிநாட்டுத் தோட்ட நூல்கள் இந்த வேலைக்கு உறைபனியைக் கெடுவாகச் சொல்லும். முதல் பனி விழுவதற்குள் காயைப் பறி, நிலவறையில் வை என்று எழுதியிருக்கும். வடசென்னையில் உறைபனியும் இல்லை, நிலவறையும் இல்லை. இங்கே தக்காளியின் பருவம் ஆண்டுக்கு இரண்டு முறை முடிகிறது. ஆடியில் விதைத்த செடி ஐப்பசி, கார்த்திகையில் காய்த்துக் குலுங்கும்போது வடகிழக்குப் பருவமழை வந்து முடித்துவைக்கிறது. தையில் நட்ட செடியைச் சித்திரை வெயில் முடித்துவைக்கிறது. முதல் முடிவில் பகை ஈரம். இரண்டாவதில் சூடு. குளிருக்காக எழுதிய யோசனைகளை அப்படியே எடுத்து இங்கே செய்தால் பாதிக் காய் அழுகும் என்பதால்தான் இந்த அத்தியாயம் தனியாக எழுதப்படுகிறது.

மாடித்தோட்டம் இந்த நகரத்தில் பலருக்குப் பழகிப்போன ஒன்று. 2013-14இல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தளைகளை மானிய விலையில் கொடுக்கத் தொடங்கிய பிறகு, பையில் தென்னை நார்க்கழிவு நிரப்பித் தக்காளி வளர்ப்பது தெருவுக்கு ஒரு வீட்டிலாவது நடக்கிறது. விளைச்சல் சில கிலோதான் என்று ஒதுக்கிவிட முடியாது. 2021 நவம்பர் மழையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. 2023 ஜூலையில் விலை மீண்டும் எகிறியபோது ரேஷன் கடைகளிலேயே கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க அரசு ஏற்பாடு செய்தது. மதனப்பள்ளியிலும் கோலாரிலும் மழை பெய்தால் கோயம்பேட்டில் விலை ஏறும் ஊரில், மாடியில் பச்சையாகத் தொங்கும் மூன்று கிலோ காய்க்கு மதிப்பு உண்டு.

எப்போது பறிப்பது? துறைமுகக் கூண்டின் எண்ணே நல்ல வழிகாட்டி. 1ஆம் எண் என்றால் தொலைவில் புயல் உருவாகும் வாய்ப்பு. 2ஆம் எண் என்றால் தொலைவில் புயல் உருவாகிவிட்டது. 3ஆம் எண் ஏறினால் துறைமுகமே பலத்த காற்றுக்கு உள்ளாகும் நிலை. 1 ஏறியதும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டும். 2 ஏறிய அன்றே, காய் மேல் ஈரம் இல்லாத நேரமாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். 3 வரை காத்திருந்தால் பெரும்பாலும் மழையில் நனைந்த காயைத்தான் பறிக்க நேரும். நனைந்த காயை உள்ளே கொண்டுவருவது அழுகலையும் சேர்த்துக் கொண்டுவருவதற்குச் சமம்.

பறிக்கும் முன் ஒரு காயை வெட்டிப் பார்த்துவிட வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. கூரான கத்தியால் குறுக்கே அறுத்தால், முற்றிய காயில் விதைகளைச் சுற்றிக் கொழகொழவென்ற சாறு திரண்டிருக்கும். விதைகள் கத்திக்கு வழுக்கி விலகிவிடும், அறுபடாது. இளங்காயில் உள்ளே கெட்டியாக இருக்கும், விதையும் சேர்ந்து அறுபடும். முதல் வகை செடியை விட்டு வந்த பிறகும் முறையாகப் பழுக்கும். இரண்டாம் வகையை எந்த வித்தை செய்தாலும் வெம்பிச் சுருங்குமே தவிர, சுவையான பழம் ஆகாது. அறுத்த காயின் பருமனையும் நிறத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். முற்றிய காயின் பச்சை கொஞ்சம் வெளுத்திருக்கும், தோலில் பளபளப்பு ஏறியிருக்கும், காம்புக்கு எதிர்ப்புற நுனியில் வெண்மை படரத் தொடங்கியிருக்கும்.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 ரகத்தை வளர்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அந்த ரகத்தில் காம்பை ஒட்டிய தோள்பகுதி இயல்பாகவே கரும்பச்சையாக இருக்கும். மேலே பச்சை இருப்பதால் காய் முற்றவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. நுனியைத்தான் பார்க்க வேண்டும்.

பறித்த காய்களை மூன்று கூறாகப் பிரிப்பது அடுத்த வேலை. நுனியில் மஞ்சளோ இளஞ்சிவப்போ கண்ட செங்காய் ஒரு கூறு. முற்றிய பச்சைக் காய் ஒரு கூறு. பிஞ்சும் இளங்காயும் மூன்றாவது. மூன்றாவது கூறு நேரே சமையலறைக்குப் போகும். அதைப் பற்றிப் பின்னால் வரும். வெடித்தது, புழுத் துளை உள்ளது, அடிபட்டது ஆகியவற்றை ஒருபோதும் மற்றவற்றோடு சேர்க்கக் கூடாது.

எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கம் வசிப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்று கூடுதலாக உண்டு. அனல் மின் நிலையங்களின் சாம்பல் தூசு இலையிலும் காயிலும் மெல்லிய படலமாகப் படியும். அதைத் துடைக்காமல் அடுக்கக் கூடாது. ஈரத் துணியால் ஒவ்வொரு காயாகத் துடைத்து, விசிறிக் காற்றில் நன்றாக உலரவிட வேண்டும். குளிர்ந்த நீரில் மூழ்கடித்துக் கழுவுவது தவறு. காயை விட நீர் குளிர்ச்சியாக இருந்தால், காம்பு இருந்த வடு வழியாக நீர் உள்ளே இழுக்கப்படும். கிருமியும் அதோடு உள்ளே போகும். கழுவியே ஆக வேண்டும் என்றால் லேசான வெதுவெதுப்புள்ள நீர், அதுவும் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

இனி, பழுப்பது எப்படி என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்ற யோசனைகள் தாமாகவே விளங்கும். தக்காளி, வாழை, மா, பப்பாளி எல்லாம் பறித்த பிறகும் பழுக்கும் இனங்கள். முற்றியதும் அவை எத்திலீன் என்ற வாயுவைத் தாமே வெளியிடுகின்றன. அந்த வாயு பட்டதும் இன்னும் அதிகமாக வெளியிடுகின்றன. 1901இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நெல்யூபோவ் என்ற இளம் ஆய்வாளர், விளக்கு எரிக்கும் வாயு கசிந்த அறையில் பட்டாணி நாற்று கோணல்மாணலாக வளர்வதற்கு அதிலிருந்த எத்திலீனே காரணம் என்று கண்டார். பழங்கள் தாமே அந்த வாயுவை உண்டாக்குகின்றன என்பதை 1934இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேன் நிரூபித்தார். தமிழ்நாட்டில் வாழைத்தாரைக் குழியிலோ அறையிலோ அடைத்துப் புகை மூட்டம் போடுகிறவர்கள் வேதியியல் பெயர் இல்லாமலே இதே வாயுவைத்தான் பயன்படுத்தி வந்தார்கள். புகையிலும் எத்திலீன் உண்டு. அரிசிப் பானைக்குள் மாங்காயைப் புதைக்கும் வழக்கமும், காய் வெளியிடும் வாயுவை அதைச் சுற்றியே நிறுத்திவைக்கும் வழிதான்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள். தக்காளி பழுக்க வெயில் தேவையில்லை. ஜன்னல் திட்டில் வரிசையாக வைப்பது பார்க்க அழகு, காய்க்கு நல்லதில்லை. வெயில் பட்ட பக்கம் சூடேறி மஞ்சளாகவே நின்றுவிடும். அடுத்தது, தேவை சரியான வெப்பம். 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நிறமும் சுவையும் நன்றாக வரும். 30 டிகிரிக்கு மேல் போனால் சிவப்பு நிறம் தரும் லைக்கோபீன் உருவாவது தடைப்பட்டு, பழம் ஆரஞ்சு நிறத்தில் நிற்கும். 12 டிகிரிக்குக் கீழே பச்சைக் காய் குளிரால் அடிபடும்.

சென்னையில் டிசம்பர் மாதச் சராசரி வெப்பம், இரவில் 21, 22 டிகிரியும் பகலில் 28, 29 டிகிரியுமாக இருக்கும். தக்காளியை வீட்டுக்குள் பழுக்க வைக்க ஆண்டிலேயே இதை விட ஏற்ற காலம் கிடையாது. புயல் காயைப் பறிக்க வைக்கிறது, புயலுக்குப் பின் வரும் மார்கழிக் குளிர்ச்சி அதைப் பழுக்க வைக்கிறது. செங்காய் மூன்று நான்கு நாளில் சிவந்துவிடும். முற்றிய பச்சைக் காய்க்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும்.

வெப்பம் சாதகம், ஈரம் பாதகம். மழைக்காலத்தில் கடலோர வீடுகளின் சுவரே வியர்த்திருக்கும். குளிர்நாட்டு நூல்கள் காய் சுருங்காமலிருக்கப் பெட்டிக்குள் மூடி வைக்கச் சொல்வதை இங்கே பின்பற்றினால், மூன்றாம் நாள் திறக்கும்போது வெள்ளைப் பூஞ்சைதான் இருக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டுவது அதை விட மோசம். காசிமேட்டில் மீனுக்குப் பயன்படும் தெர்மோகோல் பெட்டி கையருகே கிடைக்கிறது என்று சிலர் அதில் அடுக்குவார்கள். மீன் வாடை ஒருபுறம், காற்றே புகாத பெட்டியில் காய் வெளியிடும் ஈரம் அங்கேயே நின்றுவிடுவது மறுபுறம். வேண்டாம்.

வேண்டியது அகலமான முறம், மூங்கில் தட்டு, அல்லது துளையுள்ள பிளாஸ்டிக் கிரேட். அடியில் ஒரு பருத்தித் துணி அல்லது அச்சில்லாத பழுப்புத் தாள். செய்தித்தாளின் அச்சு மை உணவில் ஒட்டக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலேயே எச்சரித்தது. கைவசம் அதுதான் இருக்கிறது என்றால் அடித்தளமாக விரித்து, அதன் மேல் துணி போட்டுக்கொள்ளலாம். காய்களை ஒன்றையொன்று தொடாமல், ஒரே அடுக்காக, காம்பு இருந்த பக்கம் கீழே வருமாறு வைக்க வேண்டும். காம்புத் துண்டு நீட்டிக்கொண்டிருந்தால் பக்கத்துக் காயைக் குத்தும், கிள்ளிவிட வேண்டும். மேலே இன்னொரு மெல்லிய துணியால் மூடினால் ஈ மொய்க்காது. துணி ஈரமானால் மாற்றுவதில் சோம்பல் கூடாது.

இடம்? அடுப்பிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு நேர்கீழும் வேண்டாம், பகலில் அங்கே வெப்பம் ஏறிவிடும். கட்டிலடி குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் எர்ணாவூர், கொருக்குப்பேட்டை போன்ற தாழ்வான தெருக்களில் தரையில் எதையும் வைக்க முடியாது. அங்கெல்லாம் அலமாரியின் நடுத்தட்டு நல்லது. எலி வராத இடமாகவும் இருக்க வேண்டும்.

தினமும் ஒருமுறை பார்ப்பதுதான் இதில் உள்ள ஒரே உழைப்பு. காலையில் ஒவ்வொரு காயாகத் திருப்பிப் பார்த்து, மென்மை தட்டியதையும் கறுப்புப் புள்ளி கண்டதையும் அப்புறப்படுத்த வேண்டும். சிவந்ததைத் தனித் தட்டுக்கு மாற்ற வேண்டும். ஒரு காய் அழுகி அதன் சாறு தட்டில் ஓடினால் சுற்றியுள்ள எல்லாமே போகும்.

சீக்கிரம் பழுக்க வேண்டுமா? காகிதப் பையில் நாலைந்து முற்றிய காய்களோடு நன்றாகப் பழுத்த வாழைப்பழம் ஒன்றைப் போட்டு, பை வாயை மடித்து வைத்தால் போதும். பூவனோ ரஸ்தாளியோ, எதுவானாலும் சரி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பையைத் திறந்து காற்றாட விட வேண்டும், பழம் கறுத்து நீர் விட்டால் மாற்ற வேண்டும். எல்லாக் காயையும் இப்படிச் செய்துவிடாமல் இருப்பது நல்லது. கால்வாசியை வாழைப்பழத்தோடும், மீதியைத் தட்டில் தன் போக்கிலும் விட்டால், மூன்று வாரத்துக்கு வீட்டில் தக்காளி தொடர்ந்து கிடைக்கும். இத்தாலியில் நேப்பிள்ஸ் துறைமுகத்தின் பின்னால் வெசுவியஸ் எரிமலைச் சரிவில் விளையும் சிறு தக்காளியைக் கொத்துக் கொத்தாகச் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக் குளிர்காலம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். அது தடித்த தோலுள்ள ரகம். நம் நாட்டுத் தக்காளிக்குத் தோல் மெல்லியது, சாறு அதிகம், அவ்வளவு நாள் தாங்காது. கடைகளில் பெங்களூர்த் தக்காளி என்று கேட்டு வாங்கும் கெட்டித் தோல் வகையை வளர்ப்பவர்கள் கொத்தோடு வெட்டி, காற்றோட்டமான இடத்தில் கொடிக்கயிற்றில் தொங்கவிட்டுப் பார்க்கலாம்.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. இந்தத் தொழிற்பேட்டைப் பகுதியில் கேஸ் வெல்டிங்குக்குப் பயன்படும் கார்பைடு கல் தெரியாதவர் குறைவு. ஈரம் பட்டால் அது வெளிவிடும் அசிட்டிலீன் வாயு எத்திலீனைப் போலவே வேலை செய்து காயை நிறம் மாற வைக்கும். தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்செனிக்கும் பாஸ்பரஸும் கலந்திருக்கும். தூள் பட்டால் தோலும் கண்ணும் வெந்துபோகும். வெளியேறும் வாயு தீப்பற்றக்கூடியது. பழம் பழுக்க வைக்க இதைப் பயன்படுத்துவதை 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறை தடை செய்திருக்கிறது. வணிகர்களுக்கு, கட்டுப்பாடான அறையில் 100 பி.பி.எம். அளவு வரை எத்திலீன் வாயு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. மருந்துக் கரைசலில் பழத்தை முக்கி எடுப்பதற்கு அனுமதி இல்லை. வீட்டில் இவை எதற்கும் தேவையே இல்லை. நிறம் மட்டும் மாறி உள்ளே புளித்த காயாகவே இருக்கும் ஒன்றுக்காக, குழந்தைகள் நடமாடும் வீட்டில் அந்தக் கல்லை யாரும் வைக்க வேண்டாம்.

ஃப்ரிட்ஜைப் பற்றிப் பலருக்கும் குழப்பம் உண்டு. பச்சைக் காயை அதில் வைத்தால் பழுக்கும் திறனையே இழக்கும். பிறகு வெளியே எடுத்தாலும் திட்டுத்திட்டாக நிறம் மாறி, குழிவிழுந்து அழுகும். சிவந்த பழத்தை வெளியே மூன்று நான்கு நாள் வைத்திருந்து, அதற்கு மேல் தாங்காது என்ற நிலையில் மட்டும் உள்ளே வைக்கலாம். மணம் குறையும் என்பது உண்மை. ஒரு வாரம் 5 டிகிரிக் குளிரில் இருந்த தக்காளியில் மணம் தரும் பொருட்களை உண்டாக்கும் மரபணுக்கள் அடங்கிவிடுவதை ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ரசத்துக்கும் குழம்புக்கும் இது பெரிய குறையாகத் தெரியாது. பச்சடிக்கு ஃப்ரிட்ஜில் வைக்காத பழமே வேண்டும். இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: வர்தாவுக்குப் பிறகு பல தெருக்களில் மின்சாரம் வர நாட்கள் ஆயின. புயல் காலத்தில் ஃப்ரிட்ஜை நம்பித் திட்டமிட முடியாது.

கோடை முடிவில் கதை மாறும். ஏப்ரல், மே மாதங்களில் கான்கிரீட் கூரையின் கீழ் இரவிலும் 30 டிகிரி இருக்கும். அப்போது பறித்த காய் சிவக்காமல் ஆரஞ்சாக நின்றால் அது கெட்டுப்போனதாகப் பொருளில்லை, தாராளமாகச் சமைக்கலாம். தரைத்தள அறையில், மண்பானைக்கு அருகில் வைத்தால் சற்று உதவும். செங்கல்லும் ஈர மணலும் கொண்டு, மின்சாரமில்லாமல் காய்கறியைக் குளிர்விக்கும் அறையைத் தில்லியின் பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்தது. உலர்ந்த காற்றுள்ள ஊர்களுக்கு அது அருமையான ஏற்பாடு. கடற்காற்று வீசும் ராயபுரத்தில் நீர் அவ்வளவு வேகமாக ஆவியாகாது, அதனால் பலனும் குறைவு. மழைக்காலத்தில் அறவே பயனில்லை.

ஒதுக்கி வைத்த மூன்றாம் கூறுக்கு வருவோம். இளங்காய்க்குப் புளிப்பும் லேசான துவர்ப்பும் உண்டு. பாசிப்பருப்போடு கூட்டாகும். பச்சை மிளகாய், பூண்டு, வேர்க்கடலையோடு நல்லெண்ணெயில் வதக்கி அரைத்தால் துவையலாகும். வடசென்னையில் தலைமுறைகளாக வாழும் தெலுங்குக் குடும்பங்களில் இதைப் பச்சடி என்பார்கள், சூடான சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து சாப்பிடுவார்கள். மாங்காய் கிடைக்காத மாதத்தில் நெத்திலிக் குழம்புக்குத் தக்காளிக்காயை நான்காகக் கீறிப் போட்டால், புளியின் அளவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். அதிகமாக இருந்தால் நறுக்கி, உப்பு போட்டு ஒரு மணி நேரம் வைத்து, விட்ட நீரை வடித்துவிட்டு எண்ணெய் மிதக்கும் வரை தொக்காகக் கிளறலாம். பச்சைத் தக்காளியில் டொமாட்டின் என்ற கசப்புப் பொருள் உண்டு. காய் பழுக்கப் பழுக்க அது குறைந்துவிடும். கூட்டு, துவையல் அளவில் சாப்பிடுவதில் பயமில்லை. நுனி நாக்கில் வைத்தாலே கசக்கிற பிஞ்சையும், இலை, தண்டையும் உரக்குழிக்குக் கொடுத்துவிட வேண்டும்.

கடைசியாக, வெள்ளம் தொட்ட காய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. எர்ணாவூர்ப் பக்கம் வீடுகளுக்குள்ளேயே எண்ணெய் கலந்த நீர் புகுந்தது. தரைமட்டத்தில், வாசலில், கொல்லையில் தொட்டி வைத்திருப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட நீரில் மூழ்கிய செடியில் காய் எவ்வளவு முற்றியிருந்தாலும், வெளித்தோல் எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும், துடைத்தோ கழுவியோ பயன்படுத்த முடியாது. சாக்கடை கலந்த வெள்ளத்துக்கும் இதேதான். மாடியில் விளைந்து, வெறும் மழைநீரில் மட்டும் நனைந்த காயை உலர்த்தி முதலில் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம். வெள்ளத்தில் மூழ்கியதைக் குப்பையில் போட்டுவிட்டு, அந்தத் தொட்டியின் மண்ணையும் மாற்றிய பிறகே தையில் புதிய நாற்றை நட வேண்டும்.